காற்றை இறைத்த பம்பு

என் உயிருக்குயிரான மச்சான் ஏழுமலைக்கு,

உன் தங்கச்சி புருஷன் கோதண்டம் எழுதுகிறேன். கடிதம் என்றால் முதலில் நலமா என்று விசாரிக்க வேண்டும். உன்னிடம் அதை எப்படிக் கேட்பதென்று தெரியாமல் வெகுநேரமாகப் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நாங்கள் நலமில்லை, மச்சான். அதையாவது ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

மரக்காணத்தில், கால்வாய்க்கரையில், உப்பு மூட்டை ஏற்றுகிற துறைக்குத் தெற்கே, நீ பல்லுக்குக் குச்சி ஒடிக்கிற வேப்பமரத்தடியில் இருக்கிறேன். காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. எதிரே நம்ம படகு தண்ணீரில் முழுகிக் கிடக்கிறது. பதறாதே. இந்தத் தடவை நானேதான் முழுகவிட்டேன். பலகை ஊறி இடுக்கு மூடிக்கொள்ளட்டும் என்று நீ வருஷா வருஷம் செய்வாயே, அதேதான். விளிம்பு மட்டும் ஒரு சாண் மேலே தெரிகிறது. இன்றோடு மூன்று நாள் ஆகிறது. நாளைக் காலையில் தண்ணீரை இறைத்து எழுப்ப வேண்டும்.

இறைப்பதற்கு உன் தங்கச்சி அஞ்சலையும் வருகிறாள். அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

முதலில் அவள் சேதியைச் சொல்கிறேன். உன் தங்கச்சி ஒன்பது மாதமாக உப்பு சேர்ப்பதில்லை. கூழிலும் இல்லை, குழம்பிலும் இல்லை. நம்ம ஊரில் உப்புக்கா பஞ்சம்? வாசலைத் தாண்டினால் அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடக்கிறது. காற்றடித்தால் உதடு கரிக்கிறது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி உப்பில்லாத கேப்பைக் கூழைக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறாள். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "எங்கண்ணன அமுக்கனது உப்பு மூட்ட. அவன அந்த மூட்டைக்குக் கீழ அனுப்பனது நானு. எனக்கு என்னாத்துக்கு உப்பு?" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவள் ஆக்கினதைத்தானே நானும் சாப்பிடுகிறேன்.

அனுப்பினது அவள் இல்லை, மச்சான். அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பது மாதமாக அதை அவளிடம் சொல்ல வாய் வராமல் முழித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் காகிதம் யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்கும் விளங்கட்டும் என்று, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். சலித்துக்கொள்ளாதே.

நான் ஒலக்கூர்ப் பக்கத்து ஆள். மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கக் கூலிக்குப் போனவன். அஞ்சாவது வரைக்கும் படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக உன் தங்கச்சியை எனக்குக் கொடுத்தாய், படகிலும் சேர்த்துக்கொண்டாய். கால்வாயில் தண்ணீரை அடைத்துத் திறக்கிற லாக்குக்கு லாக்கு பர்மிட் காட்ட வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரியாது. "மாப்ள, உன்து மல்லாட்ட புடுங்கின கையி. தண்ணி உம்பேச்சக் கேக்காது. நீ பேப்பரப் படி, அது போதும்" என்பாய். துறையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். உள்ளே கொஞ்சம் குத்தும். நீ இருந்தவரைக்கும் அதை உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் நான் செய்த பிசகுக்கு அந்தக் குத்தலும் ஒரு காரணம்.

படகு உன் அப்பன் காலத்தது. பலகைக்குப் பலகை ஒழுகும். ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வாயைத் திறக்கும். கரையில் கவிழ்த்துப் போட்டு அதில் கோழி அடைத்துக்கொண்டிருந்தோம். யுத்தம் வந்து லாரிக்கெல்லாம் பெட்ரோல் கிடைக்காமல் போனதும் கிழட்டுப் படகுக்கெல்லாம் மவுசு வந்தது. பட்டணத்துக்கு உப்பும் சவுக்கு விறகும் போயாக வேண்டுமே. நம்மதும் இறங்கியது. நீ முன்னால் நின்று கழி ஊன்றுவாய். கன்னியப்பன் பின்னால் சுக்கான் பிடிப்பான். நான் கரையில் கயிறு இழுப்பேன். அஞ்சலை தண்ணீர் இறைப்பாள்.

அவள் இறைத்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. உப்பு மூட்டைக்கு அடியில் தட்டுப் பலகை. அதற்கும் அடியில்தான் கசிகிற தண்ணீர் தேங்கும். முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்திலும் பலகையைத் தூக்கி, குனிந்து, கண்ணால் பார்த்து, பாதியாக வெட்டின மண்ணெண்ணெய் டின்னால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றுவாள். உப்பு கரைந்த தண்ணீர் அது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, நகக்கண் வெளுத்துப்போய், படகு இறங்கின நாளிலிருந்து அவள் கை காயவே இல்லை. ஒரு நாள் சோற்றில் கையை வைத்தவள் உடனே எடுத்துவிட்டாள். "அண்ணா, என்னால முடியல. எரியுது" என்றாள். அத்தனை நாளில் அவள் வாயிலிருந்து வந்த புகார் அது ஒன்றுதான்.

நீ அப்போது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தாய், தடவினதையே திரும்பத் தடவினாய். மறுநாள் காலையில் விழுப்புரம் போகிறேன் என்று கிளம்பிவிட்டாய். அங்கே ரயிலடிக்குப் பின்னால் பழைய இரும்பு விற்கிற பாய் ஒருவரிடம் கைப்பம்பு கிடக்கிறதாம், லாக்கில் யாரோ சொன்னார்களாம். "எந்தங்கச்சி கையி ஒரு வருசமாவது காயட்டும். நான் வர்றதுக்குள்ள நீ ஜல்தியா கலப்பத்து அடிச்சி, தாரு பூசி வெய்யி, மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போனாய். என்னை நம்பி நீ வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பலகை இடுக்கில் சணல் திரியை வைத்து உளியால் அடித்துச் செருகி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி ஊற்றுவதுதான் கலப்பத்து. நீ அடிக்கும்போது திரி திரித்துக் கொடுத்திருக்கிறேனே தவிர, உளி பிடித்தவன் இல்லை. இருந்தாலும் விடவில்லை. மூன்று நாள் படகுக்குள் குப்புறப் படுத்து ஒவ்வொரு இடுக்காக அடித்தேன். ரொம்ப இறுக்காதே, மரம் ஊறினால் பலகை தள்ளும் என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது. அளவாகத்தான் அடித்தேன். அதில் நீ ஒரு குறை சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் அடித்தளத்தைத் துடைத்தேன். படகின் குறுக்கே போகிற சட்டங்கள் இருக்கிறதே, அதற்கு அடியில் விரலை விட்டபோது ஓட்டை தட்டுப்பட்டது. சுண்டுவிரல் நுழைகிற அளவு. அடுத்த சட்டத்திலும் இருந்தது. எல்லாச் சட்டத்திலும் இருந்தது. பழைய தாரும் சேறும் பாதி அடைத்து, ஓரமெல்லாம் பிய்ந்து, புழு தின்ற ஓட்டை என்று சத்தியம் பண்ணலாம் போல இருந்தது. எண்ணினேன், பதினாலு. இவ்வளவு நாளாக மச்சான் கண்ணில் இது படவில்லையே, மல்லாட்டை பிடுங்கினவன் கண்ணில்தான் பட்டது பார் என்று எனக்கு ஒரே பெருமை. பதினாலையும் சணல் வைத்து இறுக்கி, குங்கிலியம் ஊற்றி, மேலே தார் பூசினேன். தடவிப் பார்த்தால் ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

இதுதான் மச்சான், நான் செய்தது. எழுதிவிட்டேன். எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

நீ விழுப்புரத்திலிருந்து ரயிலில் திண்டிவனம் வந்து, அங்கே செருப்புத் தைக்கிறவரிடம் பம்புக்குப் புது எருமைத்தோல் வாசர் வெட்டி வாங்கி, உப்பு வண்டி ஒன்றைப் பிடித்து வந்து சேர்ந்தாய். பம்பைப் பிள்ளையைப் போல மடியில் வைத்திருந்தாய். இறங்கினதும் படகைத்தான் பார்த்தாய். உள்ளே குனிந்து தார் மேலே உள்ளங்கையை ஓட்டினாய். "மல்லாட்ட புடுங்கினவனாடா இத செஞ்சான்? வந்து பாருங்கடா எம்மாப்ளைய" என்று துறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாய். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏன் மச்சான், கையை இன்னும் ஒரு சாண் தள்ளி விட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? ஒரு தடவை திட்டியிருக்கக் கூடாதா?

பம்பைப் பின்பக்கம் மாட்டினோம். அங்கேதான் அடித்தளம் தாழ்வு, தண்ணீரெல்லாம் அங்கே வந்து சேரும் என்றாய். குழாயைக் குழிக்குள் இறக்கி, பம்பைப் பலகையோடு சேர்த்து முடுக்கினோம். இனிமேல் யாரும் தூக்கிப் பார்க்கப் போவதில்லை என்று மற்றத் தட்டுப் பலகையையெல்லாம் ஆணி அடித்துவிட்டோம், மூட்டை சமமாக உட்கார வசதி. தோல் வாசர் நனைந்தால்தான் பிடிக்கும் என்று பின்பக்கக் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாய். நான் கைப்பிடியை அமுக்கினேன். நாலாவது அமுக்கில் குபுகுபுவென்று விளிம்பைத் தாண்டிக் கொட்டியது. துறையில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். குடத்துத் தண்ணீரைப் பின்பக்கம் ஊற்றிப் பின்பக்கமே இறைத்தோம். முன்பக்கம் ஊற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அஞ்சலை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "இதுக்குக் கண்ணு எங்க கீது? நான்னா மூணு எடத்துலயும் தூக்கிப் பாப்பேன். இது ஒரே எடத்துல நின்னுகினு உறிஞ்சுது" என்றாள்.

நீ சிரித்தாய். "தண்ணி தானா ஓடி பம்பாண்ட வந்துரும்டி. அதுக்குத்தான ஒவ்வொரு சட்டத்துலயும் வழி உட்டு கீறாங்க. இனிமே நீ ஊட்ல குந்து, கைக்கு வேப்பெண்ணெ தடவு" என்றாய்.

அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது, மச்சான். பக்கத்தில்தானே நின்றேன். ஒவ்வொரு சட்டத்திலும் வழி. எந்த வழி, எங்கே இருக்கிறது அது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டிருந்தால் நீ சட்டத்துக்கு அடியில் விரலை விட்டுக் காட்டியிருப்பாய். துறையே விழுந்து விழுந்து சிரித்திருக்கும். சற்று முன்னால்தான் என்னைத் தூக்கி வைத்துப் பேசினாய், அதைக் கீழே போட எனக்கு மனசு வரவில்லை. அது வேறு ஓட்டையாக இருக்கும், நான் அடைத்தது புழு ஓட்டைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடைத்தது தெரியாமல் செய்தது. கேட்காமல் விட்டது தெரிந்தே செய்தது.

நாலாம் நாள் உப்பு ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அஞ்சலை இல்லாமல் போன முதல் நடை அது. காலை வெயில் நன்றாக இருந்தது. நீ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கழி ஊன்றினாய். கால்வாய் உப்பங்கழியில் போய்க் கலக்கிற இடம் வந்ததும் கயிறு இழுக்கக் கரை இல்லை என்று நானும் ஏறிக்கொண்டேன். "மாப்ள, படகு மூக்கு கனக்குது. ரெண்டு அமுக்கு அமுக்கிப் பாரு" என்றாய். அமுக்கினேன். கொஞ்சம் கலங்கல் தண்ணீர் வந்தது, பிறகு புஸ் புஸ் என்று காற்று. "காஞ்சி கெடக்குது மச்சான். காத்துதான் வருது" என்றேன். "அப்ப எதிர்க்காத்து புடிச்சி அமுக்குது போல" என்றாய். நான் சொன்னதை நம்பினாய். முதல் தடவையாகத் தண்ணீர் விஷயத்தில் என் பேச்சை நம்பினாய்.

உப்பங்கழியில் பாதி தூரம் போனதும் மறுபடி கேட்டாய். மறுபடி அதையே சொன்னேன். காற்றைத் தவிர ஒன்றும் வரவில்லை, நான் என்ன செய்வேன்? நீ கழியைப் போட்டுவிட்டு, "பேஜாரா போச்சி. நான் எறங்கிப் பாக்குறேன்" என்று கடப்பாறையை எடுத்துக்கொண்டு முன்பக்கம் மூட்டைகளுக்கு நடுவே இறங்கினாய். ஆணி அடித்த பலகையை நெம்புகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் காற்று பக்கவாட்டில் வந்தது. படகு சாய்ந்தது. முன்னால் அடைபட்டுக் கிடந்த தண்ணீர் அத்தனையும் ஒரு பக்கமாக ஓடியது. மூட்டைகள் சரிந்தன.

"மாப்ள" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாய்.

நான் பம்பை விட்டு ஓடி வரவில்லை, மச்சான். உடனே வரவில்லை. தண்ணீரை இறைத்தால் படகு நிமிரும் என்று இன்னும் வேகமாக அமுக்கினேன். எத்தனை அமுக்கு என்று தெரியாது. கன்னியப்பன் சுக்கானை விட்டுவிட்டுக் கத்தின பிறகுதான் ஓடினேன். நனைந்த உப்பு மூட்டையை நகர்த்த இரண்டு பேர் போதவில்லை. பதினோரு மூட்டை. அதற்குக் கீழே நீ இருந்தாய். படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இறங்கி நின்றேன், மார்பளவு தண்ணீர். நிமிர்ந்து நின்றிருந்தால் உனக்கும் அவ்வளவுதான் இருந்திருக்கும்.

உன்னை வண்டியில் வைத்துத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அறுத்துப் பார்க்காமல் கொடுக்க மாட்டார்களாம். அங்கே ஒரு அதிகாரி கேட்டார், "பம்பு வேலை செஞ்சுதா?" என்று. "செஞ்சுதுங்க. தண்ணி வரலிங்க" என்றேன். எழுதிக்கொண்டார். எழுதினதை என் கையில் கொடுத்து, படிக்கத் தெரியுமா, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு என்றார். படித்தேன். பழைய படகு, பழைய பம்பு, காற்று அதிகம் என்று இருந்தது. நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

நீ போன எட்டாம் நாள், துறையில் உள்ளவர்கள் எல்லாரும் கைகொடுத்துப் படகை எழுப்பி இழுத்து வந்தார்கள். தட்டுப் பலகையைப் பிடுங்கினேன். சட்டத்துக்குச் சட்டம் தண்ணீர் தனித்தனியாக நின்றது, பாத்தி கட்டினது போல. எழுப்பும்போது டின்னால் மொண்ட பின்பக்கக் குழி மட்டும் காய்ந்து கிடந்தது. மற்றவர்கள் சோற்றுக்குப் போயிருந்தார்கள். ஒரு கம்பியை எடுத்து, யாரும் வருவதற்குள் பதினாலு ஓட்டையையும் குத்தித் திறந்தேன். தண்ணீர் சலசலவென்று பின்பக்கம் ஓடியது. பம்பில் கை வைத்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் இறைத்தது, மச்சான். என்ன அழகாக இறைத்தது தெரியுமா? அங்கேயே உட்கார்ந்து வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதேன். திரும்பி வந்தவர்கள், மச்சானை நினைத்து அழுகிறான் என்று என்னை எழுப்பிக் கூட்டிப்போனார்கள்.

அன்றைக்கே அஞ்சலையிடம் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போனேன். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "கையி எரியுதுன்னு நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா அண்ணன் விழுப்புரம் போயிருக்க மாட்டான். பம்பு வந்திருக்காது. நான் படகுல இருந்திருப்பேன். முன்னாடி பலகையத் தூக்கிப் பாத்திருப்பேன்" என்றாள். ஒவ்வொன்றாக விரலை மடக்கிச் சொன்னாள். நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "உனக்கு நான் இருக்கேன்" என்றுதான் வந்தது.

அப்புறம் எத்தனையோ தடவை. போன மாதம் எங்க ஊருக்கு ஒலக்கூர் போகும்போது வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ரயில்வே கேட் தாண்டினதும் சொல்கிறேன், ஏரிக்கரை வந்ததும் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் என் அம்மா வாசலில் வந்து நின்றுவிட்டாள். என் அம்மா அவளுக்கு ஆசையாகக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அஞ்சலை தொடவில்லை. தனியாகக் கேப்பைக் களி கிண்டிப் பச்சைத் தண்ணீரைத் தொட்டுத் தின்றாள். ஆள் பாதியாகிவிட்டாள், மச்சான். நடந்தால் மூச்சு வாங்குகிறது. உப்பைப் போடு என்று என் அம்மா கெஞ்சினாள், நானும் கெஞ்சினேன். கெஞ்சுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும், அதைச் சொல்லாமல் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

பம்பின் மேலே அவளுக்குத் தீராத ஆத்திரம். கழற்றிக் கால்வாயில் எறி என்றாள். கழற்றினேன், எறியவில்லை. சாக்கில் சுற்றிக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். துறையில் எல்லாரும் அந்தப் பம்பைத்தான் திட்டுகிறார்கள். திட்டும்போது நானும் தலையாட்டியிருக்கிறேன். இரும்புக்கு வாய் இல்லை என்று எனக்கு அவ்வளவு தைரியம்.

போன வாரம் மறுபடி கலப்பத்து அடித்தேன். எவ்வளவு அடித்தும் இரண்டு இடத்தில் கசிவு நிற்கவில்லை. எனக்குக் கை வரவில்லை. இந்தத் தடவை பதினாலு ஓட்டை வழியாகவும் ஒரு கயிற்று நூலை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் விட்டு வைத்தேன். அடைத்துக்கொண்டால் இழுத்துவிட்டால் போதும், சுத்தமாகிவிடும். அஞ்சலை கூழ் கொண்டுவந்தவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"இது என்னா கயிறு?" என்றாள்.

"தண்ணி ஓடற வழி அடைச்சிக்காம இருக்க."

"அண்ணன் இருக்கச்சே இந்தக் கயிறு இல்லியே."

"இல்ல."

"அப்ப வழி அடைச்சிகினு இருந்துதா?"

நான் உளியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவள் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். "அத நான் பாத்திருப்பேன். முன்னாடி தண்ணி நிக்கிதுன்னு எனக்கு மொதல் பலகையிலயே தெரிஞ்சிருக்கும்" என்று அதையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள். பிறகு, "இனிமே எல்லா நடைக்கும் நான் வர்றேன். டின்ன எடுத்து வெய்யி" என்று போய்விட்டாள். கை ஆறி, தோல் இப்போதுதான் பழைய நிறத்துக்கு வந்திருக்கிறது. நீ ஒரு வருஷமாவது காயட்டும் என்றாய். ஒன்பது மாதம்தான் காய்ந்தது.

நீ இருந்தால் இதற்கு என்ன சொல்வாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். என்னைத் திட்டுவாயா, கிண்டல் பண்ணுவாயா? ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர்தான் விளிம்பில் தட்டிக்கொண்டிருக்கிறது. உன் வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, கன்னியப்பன் உப்பளத்தில் வேலைக்குப் போய்விட்டான், யுத்தம் இன்னும் முடியவில்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிறோம். இப்படி ஊர்ச் சேதியாக எழுதிக்கொண்டே போனால் சொல்ல வேண்டியதை எழுதாமல் தப்பித்துக்கொள்ளலாம். அதையும் நான் அறிவேன்.

சரி, மச்சான். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக் காலையில் அவள் வருவதற்கு முன்னால் பம்பைச் சாக்கிலிருந்து எடுத்து அதன் இடத்தில் மாட்டிவிடுகிறேன். இரண்டு பேரும் டின்னால் இறைப்போம். தண்ணீர் தட்டுப் பலகைக்குக் கீழே இறங்கினதும், நடுச் சட்டத்து ஓட்டையில் கயிற்றோடு சேர்த்து ஒரு பழந்துணியைச் செருகுவேன். அவளைப் பம்பை அமுக்கச் சொல்வேன். பின்னால் இருப்பது தீர்ந்து காற்று வரும். முன்னால் தண்ணீர் நிற்பதை அவள் கண்ணாலேயே பார்ப்பாள். பிறகு அவள் கையாலேயே துணியைப் பிடுங்கச் சொல்வேன். தண்ணீர் ஓடி வந்து பம்பு இறைக்கும். அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அப்போது குனிய மாட்டேன். அடைத்தவன் நான், கேட்காமல் விட்டவனும் நான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

அவள் கூழுக்கு உப்பு திரும்ப வேண்டும், மச்சான். அது போதும். அதன் பிறகு என் கலயத்தில் அவள் ஒன்றுமே ஊற்றாமல் போனாலும் ஏன் என்று கேட்க மாட்டேன்.

அதைக் கேட்ட பிறகு அவள் என்னை வைத்துக்கொள்வாளா, ஒலக்கூருக்கே போ என்று விரட்டிவிடுவாளா, தெரியாது. நாளைச் சாயங்காலம் உனக்கு எழுதினால் எப்படிக் கையெழுத்துப் போடுவேனோ, அதுவும் தெரியாது. அதனால் உரிமை இருக்கும்போதே இன்றைக்குப் போட்டுவிடுகிறேன்.

இன்றைய தேதிக்கு உன் மாப்ள,
கோதண்டம்